மல்பெரி மரமும் இருபத்தைந்து வருஷக் குத்தகையும்

செல்மா, கலிபோர்னியா
ஜூலை மாதம், நல்ல வெயில்

பெருமதிப்பிற்குரிய எல்வீரா அண்ணி அவர்களுக்கு, தங்கள் தங்கை அம்பாரோவின் கணவன் லியாந்த்ரோ பராஹாஸ் தலைவணங்கி எழுதிக்கொள்வது. இக்கடிதம் தங்களை நல்ல உடல்நலத்தோடும் மனநிறைவோடும் சந்திக்கட்டும். இங்கே நானும் அம்பாரோவும் இறையருளால் சுகம். இந்தக் கடைசி வாக்கியம் பொய். ஆனால் கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று என் தகப்பனார் அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், மீற மனம் வரவில்லை.

தங்கள் கடிதம் கிடைத்தது. டூசானில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, சிரித்த முகத்தோடு ஒரு பையன், கூரை மேல் சோலார் பேனலை நாங்களே மாட்டித் தருகிறோம், முன்பணம் வேண்டாம், மாதாமாதம் வாடகை கட்டினால் போதும் என்றானாம். சனிக்கிழமை மறுபடி வருகிறானாம். 'உங்கள் வீட்டில்தான் ஏற்கெனவே மாட்டியிருக்கிறீர்களே, நம்பலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். தொலைபேசியில் சொல்லியிருப்பேன். ஆனால் போன முறை 'அம்பாரோ ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்' என்று நான் தொண்டை கிழியக் கத்தியதற்கு, 'ரொம்ப சந்தோஷம், எனக்கும் ரெண்டு பொட்டலம் அனுப்பி வை' என்றீர்கள். அதனால்தான் கடிதம். ஒரே சொல்லில் 'வேண்டாம்' என்று எழுதி ஒட்டிவிடலாம், ஆனால் நான் சொல்லி நீங்கள் எதைக் கேட்டிருக்கிறீர்கள், ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏப்ரலில் அம்பாரோவை ஃப்ரெஸ்னோ ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இதயம். ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து, தனியாளாக அடுப்பில் பீன்ஸ் வைத்து, அதைத் தீயவும் விட்டு நிற்கிறேன், கதவு தட்டப்படுகிறது. வெள்ளைச் சட்டை, பொன்னிற முடி, கழுத்தில் அட்டை. எனக்கு உடனே புரிந்துவிட்டது, மதம் மாற்ற வந்தவன்.

"தம்பி, கதவுல ஒட்டியிருக்கிறதைப் படிச்சியா? இது கத்தோலிக்க வீடு. எங்களுக்கு குவாதலூப்பே மாதா போதும், கிளம்பு."

"படிச்சேங்க ஐயா. நான் சாமி விஷயமா வரலை. கூரை விஷயமா வந்தேன்."

அண்ணி, அவன் இதைச் சொன்னது நம் ஸ்பானிஷ் மொழியில்! யூட்டாவில் பிறந்தவனாம், பேர் டேனர். சபை ஊழியத்துக்காக மெக்சிகோவில், பியூப்லாவில், இரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியவனாம், இப்போது கடவுளை விட்டுவிட்டுக் கூரைக்கு மாறியிருக்கிறான். கூப்பிட்டால் 'என்ன?' என்று கேட்காமல், பியூப்லாத் தாய்மார்கள் பழக்கிவிடுகிற மாதிரி 'கட்டளையிடுங்க' என்கிறான். டென்வரில் இருக்கிற என் சொந்தப் பேரன்களுக்கு நம் மொழியில் தண்ணீர் கேட்கத் தெரியாது. இவன் உட்கார்ந்து என் தீய்ந்த பீன்ஸை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான். மதத்துக்கு ஆபத்தில்லை என்ற நிம்மதியில், வேறு எதைக் கேட்டாலும் கொடுத்துவிடும் நிலையில் நான் இருந்தேன். உலர்திராட்சைக் கிடங்கில் மேஸ்திரியாக இருந்தவன் நான். ஒரு கை அள்ளினால் போதும், எங்கே கல், எங்கே காம்பு என்று சொல்லிவிடுவேன். ஆனால் பையன் என்ன திராட்சையா, கையில் அள்ளிப் பார்க்க?

உங்கள் தங்கையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நான் ஏசியைப் போட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனால் திரும்பி வருவதற்குள் அணைத்திருப்பாள். 'வாசல்ல மரம் நிழல் குடுக்குது, இது எதுக்குத் தண்டம்?' என்பாள். ஆனால் பையன் வருவதற்கு முதல் நாள்தான் டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய், இந்த இதயம் வெயில் தாங்காது, வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருங்கள் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். அடுத்த கோடையை அவள் பார்ப்பது சந்தேகமாம். இதை நான் அம்பாரோவிடம் சொல்லவில்லை, நீங்களும் மூச்சு விடாதீர்கள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அந்த நேரத்தில் இந்தப் பையன், "வெயில் எவ்வளவு அடிக்குதோ அவ்வளவு கரண்ட் ஐயா. அம்மா நாள் முழுக்க ஏசி போட்டுக்கலாம், பில்லை நினைச்சே பாக்க வேண்டாம்" என்றான். எனக்குக் காதில் விழுந்தது அது ஒன்றுதான். இருபத்தைந்து வருஷக் குத்தகை என்றான், வாடகை வருஷா வருஷம் கொஞ்சம் ஏறும் என்றான், குத்தகை முடியும் வரை பேனல் மேல் நிழல் விழாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு என்றான். நூறு வருஷம் என்றாலும் தலையாட்டியிருப்பேன். பிறகு வெளியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒரே ஒரு சின்ன விஷயம்தான் ஐயா" என்றான்.

மல்பெரி மரம். காய்க்காத மரம், நிழலைத் தவிர எதுவும் தராது. அம்பாரோ அதன் கீழேதான் நாற்காலி போட்டு பீன்ஸ் பொறுக்குவாள், அங்கிருந்துதான் தெருவுக்கே நியாயம் சொல்வாள். வெட்டிவிட்டேன் அண்ணி. அவளைக் கேட்காமல், ஆள் வைத்து, ஒரே காலையில். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவார்களா என்று கேட்பார்கள், நான் வாங்கினேன், அதுவும் குத்தகைக்கு.

இனி எழுதப்போவதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வீடு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் அவளும் கையெழுத்துப் போட வேண்டுமாம். பையனை ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போனேன். அங்கே நர்ஸுகள் நாள் முழுக்க ஒரு பலகைக் கணினியை நீட்டி, இங்கே விரல் வைங்க, அங்கே விரல் வைங்க என்று கையெழுத்து வாங்கிக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் இதையும் நுழைத்துவிட்டேன். 'இதுல ஒண்ணு போடு அம்பாரோ' என்றேன். அப்புறம் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் காபி வாங்கும் சாக்கில் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது கையெழுத்து இருந்தது. பாவி நான்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். பேனல் மாட்டக் கூரை மேல் ஏறியவர்களில் ஒருவன் ஓட்டை மிதித்து உடைத்து, அவன் கால் எங்கள் கூடத்தில், மாதா படத்துக்குப் பக்கத்தில், செருப்போடு தொங்கியது. தொங்கின காலைப் பார்த்து நான் சிலுவை போட்டுக்கொண்டேன். பேனல்கள் மாட்டியாகிவிட்டது, ஆனால் ஸ்விட்சைப் போடக் கூடாதாம். மின்சார அலுவலகம் அனுமதி தர வேண்டுமாம், அனுமதிக்குக் கம்பெனி ஒரு தாள் அனுப்ப வேண்டுமாம், கம்பெனிக்குப் போன் செய்தால் பாட்டு போடுகிறார்கள், ஒரு மாதம் அந்தப் பாட்டையே கேட்டு எனக்கு மனப்பாடம் ஆன பிறகு பாட்டும் நின்றுவிட்டது. கம்பெனியைக் காணோம், டேனர் நம்பரையும் காணோம். அப்புறம் இதுவரை பேர் கேள்விப்படாத வேறொரு கம்பெனியிடமிருந்து கடிதம் வருகிறது, எங்கள் குடும்பத்துக்கு வருக, வாடகையை இனி எங்களுக்குக் கட்டவும் என்று. கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்து, "உங்க பேனலெல்லாம் ரொம்ப நல்லா இருக்குங்க ஐயா. ஓடலை, அவ்வளவுதான்" என்றாள். இதுவரை அந்தப் பேனல்களால் பயன் பெற்றவை புறாக்கள் மட்டும்தான். மரத்தில் இருந்தவை, மரம் போனதும் பேனலுக்கு அடியில் குடும்பத்தோடு குடியேறிவிட்டன. அவை வாடகை கட்டுவதில்லை.

ஜூன் மாதம் அம்பாரோவை வீட்டுக்கு அழைத்து வந்தேன். காரை விட்டு இறங்கி, நடக்க உதவும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வெட்டின அடிமரத்தைப் பார்த்தாள். அப்புறம் கூரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, விழப்போகிற திட்டுக்குத் தயாராக நின்றேன். கண்ணைத் திறந்தால் அவள் உள்ளே போய்விட்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஒரு வார்த்தை திட்டவில்லை அண்ணி! கட்டில் மேல் தொப்பியை வைத்தால் திட்டியவள், தும்மல் சத்தமாக வந்தால் திட்டியவள், கல்யாணத்தன்று பாதிரியார் முன்னாலேயே என் டையைப் பிடித்து இழுத்துத் திட்டியவள், இப்போது 'மாத்திரை எங்க', 'சாப்பிட்டீங்களா', அவ்வளவுதான். நான் ஏசியைப் போடுகிறேன், அவள் அணைக்கிறாள், அதையும் பேசாமல் அணைக்கிறாள். நாள் முழுக்கச் சமையலறை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அந்த அடிமரத்தையே பார்க்கிறாள். நான் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. என்னைத் திட்டாமலே போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் மூத்தவர், உங்கள் பேச்சைக் கேட்பாள். அவனை நாலு வார்த்தை நன்றாகத் திட்டடி என்று அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

ஆகவே, வீடு தேடி வந்து சோலார் குத்தகை பேசுகிறவனை நம்பலாமா என்ற தங்கள் கேள்விக்கு என் பதில்: சனிக்கிழமை கதவைத் திறக்காதீர்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்ளுங்கள். நம் மொழியில் பேசினால் இன்னும் உள்ளே தள்ளிப் படுங்கள்.

கடவுள் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், முழங்காலுக்குச் சுகத்தையும், கொஞ்சம் காதையும் அருள்வாராக. மாதா தங்கள் வீட்டுக் கூரையை இப்போது இருக்கிறபடியே காக்கட்டும். அம்பாரோ கண்ணில் படாமல் இதை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்து, நாளை தபால்தலை வாங்கி வந்து அனுப்புகிறேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
லியாந்த்ரோ

பி.கு.: அக்கா, இது நான், அம்பாரோ. மாவு டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கார். இந்த வீட்ல மாவு டப்பாவை யார் எடுப்பாங்கன்னு நினைச்சாரோ மனுஷன். முழுக்கப் படிச்சேன். பீன்ஸ் தீஞ்சது ஒண்ணுதான் இதுல சரி, மிச்சம் எதுவும் இவருக்குத் தெரியாது.

டாக்டர் அந்த விஷயத்தை முதல்ல என்கிட்டத்தான் சொன்னார். 'உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா'ன்னார். 'நீங்களே சொல்லிடுங்க, அப்போ அவர் மூஞ்சியை என்னால பாக்க முடியாது'ன்னு சொல்லித் தாழ்வாரத்துக்கு அனுப்பினதே நான்தான்.

நர்ஸ் தாள்னு நினைச்சு நான் விரல் வச்சுட்டேனாம்! இவர் காபிக்கு ஓடினதும் அந்தப் பையனை உக்கார வச்சு, ஒரு வரி விடாம நம்ம பாஷையில வாசிடான்னேன். வாசிச்சான். வாடகை ஏறும்னான். வீட்டை விக்கறப்போ தொல்லை வரும்னான். கம்பெனி கைமாறலாம்னான். 'உங்கம்மா கேட்டா போடச் சொல்வியா?'ன்னேன். காது செவந்து போச்சு அவனுக்கு. 'அவசரப்படாம இன்னும் ரெண்டு இடத்துல விசாரிங்கம்மான்னு சொல்வேன்'னான். அவன் பொய் சொல்லலை அக்கா. கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னான், கேக்காததைச் சொல்லலை. மரத்தைப் பத்தி நான் கேக்கலை.

அதனால நீ கட்டிலுக்கு அடியிலயெல்லாம் படுக்காத, அப்புறம் உன்னை யார் தூக்கறது? கதவைத் திற, குடிக்கத் தண்ணி குடு, எல்லாத்தையும் சத்தமா வாசிக்கச் சொல்லு. உன் ஆரஞ்சு மரத்தைக் காட்டி, இது என்ன ஆகும்னு கேளு. கேட்டுட்டு, எதுலயும் விரல் வைக்காம அனுப்பிடு.

எல்லாம் தெரிஞ்சும் நான் ஏன் வச்சேங்கறியா? டாக்டர் ஒரு கோடைங்கறார். இந்த மனுஷன் அவர் பேருக்குப் பக்கத்துல என் பேரைப் போட்டு, இருபத்தஞ்சு வருஷத்துக்குத் தாள் கொண்டு வந்து நீட்டறார். கல்யாணத்தன்னிக்குக் கூட இவர் இவ்வளவு தைரியமா என்னைக் கேட்டதில்லை. வேணாம்னு எப்படிச் சொல்றது?

திட்டலையேன்னு ஏங்கறார் பாரு. திட்டறதுக்கு மூச்சு வேணும் அக்கா. இவரைத் திட்ட ஆரம்பிச்சா அது சுருக்கமா முடியாது, உனக்கே தெரியும். பாதியில மூச்சு நின்னு போச்சுன்னா பயந்து செத்துடுவார். நீ வா. வந்து என் பங்குக்கும் சேத்து நீ திட்டு, நான் பக்கத்துல உக்காந்து கேக்கறேன். சீக்கிரம் வா.

இன்னொண்ணு, இவர்கிட்ட சொல்லிடாத. அந்த அடிமரத்துல துளிர் விட்டிருக்கு. வெக்கப்பட்டுக்கிட்டு அந்தப் பக்கமே திரும்பறதில்லையே, இவருக்கு எப்படித் தெரியும்? பாத்திரம் கழுவின தண்ணியைத் தினம் நான்தான் மெல்ல நடந்து போய் ஊத்தறேன். மல்பெரி வேகமா வளரும். அது கூரைக்கு மேல வந்து பேனல்ல நிழல் விழுந்தா வீட்டுக்காரங்கதான் பொறுப்பாம். இருக்கட்டும். கம்பெனிக்காரங்க வந்து கேட்டா, தண்ணி ஊத்தினது அம்பாரோன்னு சொல்லிடு. நான் எங்க இருக்கேனோ அங்க வந்து அவங்க என்கிட்ட கையெழுத்து வாங்கிக்கட்டும்.