பாடத்துக்கு வைத்த பொட்டு

கூச்சக்காரரால் ஊருக்கு ஒரு கெடுதலும் வராது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வாயே திறக்காத மனுசி என்னத்தைச் செய்துவிடப் போகிறாள் என்று. அது பிழை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் நடந்திராத அழிவை, வாய் திறக்காமலே செய்து முடித்தவள் நான்.

யாழ்ப்பாணத்தில் சண்டையால் கறண்ட் நின்றுபோவதற்கு முந்திய காலம். எனக்கு நாற்பத்தெட்டு வயது, படிப்பு அஞ்சாம் வகுப்பு. லண்டனில் இருந்த மகளுக்கு மார்கழியில் தலைப்பிள்ளை பிறக்க இருந்தது. "அம்மா, நீங்கள் பக்கத்திலை நிண்டால்தான் எனக்குத் தைரியம்" என்று எழுதியிருந்தாள். போவதென்றால் தனியத்தான் போகவேணும். இடையில் பிளேனும் மாறவேணும். என்ரை மனுசன் போனபிறகு வீட்டில் முடிவு சொல்லுகிறவர் அண்ணை. அவர் என் பாஸ்போட்டைத் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

"தெல்லிப்பழையிலை பஸ் மாற வெக்கப்பட்டு, போன பஸ்ஸிலையே திரும்பி வந்தவள் நீ. உன்னைப் பிளேன் மாற விடுறதோ?" என்றார். (உண்மைதான். எந்த பஸ் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.) நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தபிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "இங்கிலீஷ் படிச்சுச் சோதினை பாஸ் பண்ணு. பிறகு பாப்பம்."

ஊரில் ஒரு ரியூட்டரியில் வளர்ந்தவர்களுக்குக் கொம்பியூட்டரில் இங்கிலீஷ் படிப்பித்தார்கள். அந்தப் பக்கத்துக்கே இருந்தது அந்த ஒரு கொம்பியூட்டர்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டப் போகலாம் என்பது மாஸ்ரரின் சட்டம். திரையில் பச்சை எழுத்தில் கேள்வி வரும். கோழி கொத்துவதுபோல ஒற்றை விரலால் கொத்திப் பதில் எழுதவேணும். பிழையென்றால் 'ரை எகெய்ன்' என்று காட்டும். திரும்ப முயற்சி செய் என்று அர்த்தம். எத்தனை தரம் பிழைவிட்டாலும் அது சிரிக்காது, கோபிக்காது, பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லாது. அப்படி ஒரு வாத்தியாரை நான் கண்டதே இல்லை. ஐந்து கிழமையில் பத்துக்கு எட்டு, ஒன்பது என்று எடுத்தேன். மாஸ்ரர் வாயால் கேட்டால் மட்டும் சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்பேன்.

சோதினை விஜயதசமியன்று. அதற்கு முதல் மூன்று நாளும் வகுப்பு இல்லை, சரஸ்வதி பூசை. வகுப்பில் மூத்தவள் என்று பூசை ஒழுங்கு என் தலையில் விழுந்தது.

"எல்லாத்துக்கும் பொட்டு வையுங்கோ அக்கா," என்றார் மாஸ்ரர். "மெசினை மட்டும் தொடப்படாது."

தொடவில்லை. கோயில் வாசலில் வைத்தும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் மாஸ்ரர்தானே ஒருநாள் சொன்னவர், மெசின் வெறும் பெட்டி, பாடம் முழுக்க இந்தத் தட்டுக்குள்தான் இருக்கிறது என்று? மெசினுக்குள் செருகுகிற கையகலக் கறுப்புத் தட்டு, பிளொப்பி என்று சொல்லுவார். கொப்பிக்கும் பேனைக்கும் பொட்டு வைத்துவிட்டுப் பாடத்தைச் சும்மா விட்டால் கலைமகள் என்ன நினைப்பா? மாஸ்ரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கூச்சம்.

கடதாசி உறையிலிருந்து வெளியே எடுத்தேன். (சட்டைக்கு ஆரும் பொட்டு வைப்பார்களோ?) முதலில் ஈரத்துணியால் வடிவாகத் துடைத்தேன். நடுவில் ஒரு வட்ட ஓட்டை. அதற்குக் கீழே சின்ன ஜன்னல்போல ஒரு வெட்டு. அதற்குள் மண்ணிறத்தில் பளபளவென்று ஒரு நெற்றி. பொட்டுக்கென்றே விட்ட இடம். திருநீறு மூன்று குறி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். திருப்பினால் பின்னாலும் ஒரு நெற்றி. அதையும் நான் குறை விடவில்லை. காய்ந்ததும் பக்குவமாக உறைக்குள் போட்டுப் புத்தகங்களோடு வைத்தேன்.

விஜயதசமி காலை அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல நேரம் தப்பிவிடும் என்று மாஸ்ரர் மணிக்கூட்டைப் பார்த்தபடியே தட்டை உறையிலிருந்து உருவிச் செருகினார். மெசின் முதலில் தேங்காய் திருவியது. பிறகு அம்மியில் அரைத்தது. பிறகு ஒன்றுமில்லை. மாஸ்ரர் தட்டை வெளியே இழுத்து, அப்போதுதான் அதன் முகத்தைப் பார்த்தார். அறை முழுக்கக் கோயில் வாசம்.

"ஆர் உது செய்தது?" என்று எல்லாரையும் பார்த்தார். "என்னட்டை இருந்தது இது ஒண்டுதான். இனிச் சோதினையும் இல்லை, ஒண்டும் இல்லை. எல்லாரும் வீட்டை போங்கோ." கோபம் கூடினால் அவருக்கு இங்கிலீஷ்தான் வரும். "ஹூ டிட் திஸ்?"

அண்ணை எழும்பிவிட்டார். "வா, போவம்," என்று வாசலில் செருப்பைத் தேடினார். என் பாஸ்போட் அலுமாரிக்குள் கிடந்து மக்கிப் போவதும், மகள் ஆஸ்பத்திரியில் தனியக் கிடப்பதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. எங்கிருந்து வந்ததோ தெரியாது, வாய் திறந்துகொண்டது.

"ஐ டிட், சேர். சரஸ்வதி பூசை, சேர். ஆல் புக் பொட்டு. ஆல் பென் பொட்டு. லெசன் நோ பொட்டு. லெசன் வெரி சாட். ஐ வோஷ். ஐ புட் பொட்டு. ஃபிரண்ட் ஆல்சோ, பாக் ஆல்சோ. வெரி சொறி, சேர். மை டோட்டர், பேபி கமிங். பிளீஸ், சேர். ரை எகெய்ன்."

மாஸ்ரர் தட்டைத் திருப்பிப் பார்த்தார். "பாக் ஆல்சோ?"

"யெஸ், சேர்."

கதிரையில் தொப்பென்று குந்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "ஐஞ்சு கிழமையா வாயைத் திறவுங்கோ எண்டு கெஞ்சினனான்." பிறகு அண்ணைக்குச் சொன்னார்: "ஐயா, உங்கடை தங்கச்சியை எந்த ஏயாப்போட்டிலையும் தனிய விடலாம். அங்கையுள்ள மெசினுகளை நினைச்சாத்தான் எனக்குப் பயம்."

நான் பாஸ். மற்றவர்களுக்கும் அன்று வாயால்தான் சோதினை. அதற்காக என்னை மன்னிக்காத ஆக்கள் இன்னும் இருக்கினம். அண்ணை வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்தார். "இந்தா. பிளேனுக்குப் பொட்டு வைச்சுக்கொண்டு நிக்காதை."

போனேன். பிளேன் மாறுகிற இடத்தில் ஒரு அதிகாரி என்னவோ கேட்டார், விளங்கவில்லை. எனக்குச் சரளமாக வரும் இங்கிலீஷ் ஒன்றே ஒன்றுதான். அதை முதலிலிருந்து சொன்னேன். 'பாக் ஆல்சோ' வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ச் சரியான வாசலில் விட்டார்.

அந்த மார்கழியில் பிறந்த பேரனுக்கு இப்போது கொம்பியூட்டரில்தான் வேலை. ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் தன்ரை கொம்பியூட்டரைக் கொண்டுவந்து சுவாமிப் படத்துக்கு முன்னால் பயபக்தியோடு வைப்பான். வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.