மூன்று கடைக்கும் ஒரே பொத்தான்

கொஞ்சம் விஷயம் தெரிந்தவளின் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிடக் கூடாது. அதுவும் அந்தப் பொத்தானை அவளே செய்திருந்தால் ஊர் தாங்காது. இதை யாரையோ பார்த்துச் சொல்லவில்லை. அப்போது எனக்கு வேலை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தலைக்கனம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

என் முதலாளி அன்வர் நானாவுக்கு மூன்று ஸ்டூடியோக்கள். (நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்.) பெரியது புத்தளத்தில், மற்றவை மதுரங்குளியிலும் கற்பிட்டியிலும். கல்யாண வீடியோதான் தொழில். எங்கள் கல்யாணங்களில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. பெண்கள் பக்கத்தைப் பெண்பிள்ளைகள்தான் படம் பிடிப்பார்கள். கணினியில் வெட்டி ஒட்டுவதும் அவர்கள்தான். அது வெளி ஆண்கள் கண்ணில் பட்டால், கடையை மூடிவிட்டு உப்பளத்தில் வேலை தேட வேண்டியதுதான். அதனால்தான் கணினிகளைப் பார்த்துக்கொள்ள என்னை எடுத்தார்.

"நீ பொம்புளப் புள்ள. சாமானெல்லாம் உன்ட பொறுப்புல இரிந்தா ஊர்ப் பொம்புளையளுக்கு நிம்மதி" என்றார்.

அந்த நிம்மதியைத்தான் நான் கெடுக்க இருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒவ்வொரு கடையிலும் ஒரு சேர்வர் இருந்தது. ஒவ்வொரு சேர்வருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. மதுரங்குளியில் பேக்கப் எடுத்த டிஸ்க்கைப் பிஸ்கட் டின்னுக்குள் வைப்பார்கள். கற்பிட்டியைப் பார்த்துக்கொண்ட செபஸ்தியன் அண்ணன், புனித அன்னம்மாளின் படத்துக்குப் பக்கத்தில் வைப்பார். "அன்னம்மா பாத்துக்கொள்ளுவா தங்கச்சி" என்பார். (நான் போகும் வரை அவரிடம் ஒரு கல்யாணம்கூடத் தொலைந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

எனக்கு இதெல்லாம் பட்டிக்காட்டுத்தனமாகத் தெரிந்தது. மூன்று சேர்வர்களையும் இணையத்தால் கட்டி, ஓர் இடத்திலிருந்து ஆட்டுவிக்கும்படி செய்தேன். எது எங்கே பிரதியாக வேண்டும், எந்தக் கடையின் வாசல் டீவியில் எது ஓட வேண்டும், எல்லாம் என் போனிலேயே. கடைக்காரர்களின் பாஸ்வேர்டுகளைப் பிடுங்கிக்கொண்டேன். டீவிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவிகளைப் புத்தளத்துக்குக் கொண்டு போனேன். மின்சாரம் போனாலும் விளம்பரம் நிற்கக் கூடாது என்று டீவிக்கும் பேட்டரி மாட்டினேன். 'தொட வேண்டாம்' என்று என் கையாலேயே எழுதி ஒட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை உம்மாவும் நானும் பாலாவியில் பஸ் மாறிக் கற்பிட்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். உம்மாவுக்குத் தன் தங்கையை, என் சாச்சியை, பார்க்க வேண்டும். எனக்குச் செபஸ்தியன் அண்ணனுக்குப் புதிய ஏற்பாட்டைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டும். வகுப்பை பஸ்ஸிலேயே உம்மாவிடம் தொடங்கிவிட்டேன்.

"உம்மா, முக்கியமான சாமான் எண்டா மூணு எடத்துல இரிக்கணும். ஒண்டு கைல. ஒண்டு பக்கத்துல. ஒண்டு வேற ஊர்ல. ஒண்டு போனாலும் மத்தது இரிக்கும். இதுதான் பேக்கப்."

"நல்ல பழக்கந்தான்" என்று உம்மா தன் பெரிய கறுப்புக் கைப்பையை மடியில் சரிசெய்துகொண்டார்.

"இப்ப பாருங்கோ, பஸ்ஸுல இரிந்தே மூணு கடையையும் ஓட்டுறேன்."

காட்டுவதற்கு ஏதாவது வேண்டுமே. கடைகளில் பழைய விளம்பரமே ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சேர்வரிலும் முதலாவது போல்டரில் இருப்பது கடை வாசலில் காட்டும் மாதிரி வீடியோ என்பது என் நினைப்பு. 'முதலாவது போல்டரில் புதிதாக வந்ததை எடுத்து, எல்லா டீவியிலும் ஓட்டு' என்று கட்டளை எழுதினேன். 'இந்தக் கடைக்கு மட்டுமா, எல்லாக் கடைக்குமா?' என்று போன் மரியாதையாகக் கேட்டது. எல்லாக் கடைக்கும் என்று அழுத்தினேன்.

"முடிஞ்சா?" என்றார் உம்மா.

"முடிஞ்சி."

"இதுக்கா மாசாமாசம் சம்பளம் தாராங்க?"

கற்பிட்டியில் இறங்கியதும் கடை வாசலில் கூட்டம் தெரிந்தது. தலவில அன்னம்மாள் கோயில் திருநாள் காலம். கோயிலுக்கு வந்தவர்கள் கருவாடு வாங்க அங்கே வருவது வழக்கம். கருவாட்டுப் பொட்டலங்களோடு ஆணும் பெண்ணுமாய் டீவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். என் விளம்பரத்துக்கு இவ்வளவு வரவேற்பா என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன்.

டீவியில் ஒரு சாப்பாட்டு மேசை. மேசை நிறைய இனிப்பு வட்டிலப்பக் கிண்ணங்கள். கறுப்புக் கைப்பை ஒன்று திறக்கிறது. ஒரு கை கிண்ணமொன்றை எடுத்து, டிசுத் தாளில் சுற்றி, பைக்குள் இறக்குகிறது. பிறகு இன்னொன்று. கமரா மெதுவாக மேலே ஏறுகிறது. இடமும் வலமும் பார்த்துவிட்டு மூன்றாவதற்குக் கை நீட்டிக்கொண்டிருந்தவர் என் உம்மா.

கனமூலையில் நடந்த என் மாமா மகள் ருஸ்னாவின் கல்யாணம் அது. பெண்கள் பக்கம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று சேர்வரிலும் கடைசியாக வந்திருந்தது புத்தளத்து முதல் போல்டரில்தான். மற்றக் கடைகளில் முதல் போல்டர் மாதிரி வீடியோதான். புத்தளத்தில் மட்டும், பெண்கள் பக்கம்தான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று அன்வர் நானா அதை முதலாவதாக வைக்கச் சொல்லியிருந்தார். வைத்தது நான். மறந்ததும் நானேதான்.

எனக்குப் பக்கத்தில் அதே கைப்பையோடு நின்ற உம்மா டீவியை அண்ணாந்து பார்த்தார். ஒரு பெரியவர் டீவியைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு பொறுப்பாகக் கருவாட்டைப் பார்த்தார்.

"சாரி நல்லாத்தான் இரிக்கி" என்றார் உம்மா. அடுத்த நிமிடம் என் கையைப் பிடித்து இறுக்கினார். "மகள், இதுக்குப் பொறகு ருஸ்னா வருவா. தல விரிச்சிப் போட்டு, பூ வைக்கிற கட்டம். நான் எத்தின தரம் பாத்திரிக்கேன். நிப்பாட்டு!"

முக்காடில்லாமல் ருஸ்னா இந்தக் கடைத்தெருவில் தெரிந்தால் அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பது? அவள் உம்மா, என் மாமி, என் வாசலை மிதிப்பாரா? போனை எடுத்தேன். பாஸ்வேர்ட் கேட்டது. சும்மா இருந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வைத்ததும் இந்த மேதைதான். அவசரமாக அடித்தேன். பிழை. மறுபடி பிழை. இன்னொரு தடவை பிழை. 'பாதுகாப்புக்காக உங்கள் கணக்கு ஒரு மணித்தியாலம் பூட்டப்பட்டுள்ளது' என்றது போன். அந்தப் பாதுகாப்பும் என் ஏற்பாடுதான்.

அன்வர் நானாவுக்கு அடித்தேன். ஜும்ஆ நேரம். போனை நிறுத்திவிட்டுப் பள்ளிவாசலில் இருந்தார். புத்தளம், மதுரங்குளிக் கடைகள் தொழுகைக்காகக் கதவடைத்திருந்தன. அங்கேயும் உம்மா ஓடிக்கொண்டிருந்திருப்பார், பார்க்க ஆளில்லாமல். திறந்திருந்தது இந்த ஒரு கடைதான், கூட்டமும் இங்கேதான்.

"செபஸ்தியன் அண்ணே, ஏன் நிப்பாட்டாம இரிக்கீங்க?"

"நீங்கதானே தங்கச்சி தொடக் கூடாதுண்டு எழுதி ஒட்டினீங்க. பாஸ்வேர்டும் உங்கள்ட்ட, சாவியும் உங்கள்ட்ட. நான் என்னத்தைத் தொட?"

"மெயின் சுவிச்ச நிப்பாட்டுங்க!"

நிப்பாட்டினார். கடைக்குள் விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது, சேர்வர் அறையில் பேட்டரி ஓலமிட்டது. டீவி மட்டும் நிற்கவில்லை. இருட்டுக்குள் உம்மா முன்பைவிடப் பளிச்சென்று தெரிந்தார். நான்காவது கிண்ணம். கூட்டம் கை தட்டியது.

கண்ணாடியை உடைக்கலாமா என்று கல் தேடினேன். (என் நெட்வேர்க் அறிவு முழுவதும் கடைசியில் ஒரு கல்லில் வந்து நின்றது.) அதற்குள் உம்மா படியேறி, டீவிக்கு முன்னால் போய், தன் சால்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துவிட்டார்.

"எல்லாரும் அங்கால திரும்புங்கோ! படம் முடிஞ்சி!" என்று கத்தினார்.

சால்வை போதவில்லை. டீவி பெரிது; அதையும் நான்தான் அடம்பிடித்து வாங்க வைத்தேன். ஒரு மூலையில் பன்னீர்ச் செம்பும் மருதாணிக் கையும் தெரியத் தொடங்கின.

"செபஸ்தியன் தம்பி, ஒண்டையும் தொடாம நிண்டது போதும். அந்தப் பெரிய படச்சீலயக் கொண்டு வாங்க!"

செபஸ்தியன் அண்ணன் உள்ளே ஓடி, படம் எடுக்கப் பின்னால் தொங்கவிடும் பெரிய சீலையை இழுத்து வந்தார். பனிமலை, நீல ஏரி, ஏரியில் அன்னங்கள். இருவரும் சேர்ந்து அதை டீவியின் மேல் இழுத்துப் போட்டார்கள். பனிமலைக்குப் பின்னால் மணப்பெண் வந்து, பூ வைத்து, போனது யாருக்கும் தெரியாது. உம்மாவுக்கு மட்டும் தெரியும். சீலையைப் பிடித்துக்கொண்டே பின்பக்கமாக எட்டிப் பார்த்து, "இப்ப பூ வைக்கிறாங்க... இப்ப முடிஞ்சி" என்று எனக்கு நேர்முக வர்ணனை செய்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெட்கமா நன்றியா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

கூட்டம் கலையவில்லை. சீலைக்கு முன்னால் ஒரு குடும்பம் வந்து நின்று, "ஒரு படம் எடுக்கேலுமா?" என்று கேட்டது. அவர்களுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம். பேட்டரி தீரும் வரை செபஸ்தியன் அண்ணன் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். பனிமலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற உம்மா பல படங்களில் விழுந்திருக்கிறார்.

தொழுகை முடிந்து அன்வர் நானா போன் எடுத்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"ருஸ்னாப் புள்ள தெரிஞ்சாவா?"

"இல்ல நானா. உம்மா மறச்சிட்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு மெதுவாக, "உம்மாவ வேலைக்கு எடுக்கேலுமாண்டு கேட்டுப் பாரு" என்றார்.

வேலை தப்பியது. பெண்கள் பக்கத்து வீடியோக்கள் மட்டும் அன்றோடு என் பொத்தானிலிருந்து விலகி, எந்த வயரும் தொடாத தனிப் பெட்டிக்குப் போய்விட்டன. கண்ணாடிப் பெட்டிச் சாவிகள் அந்தந்தக் கடைக்கே திரும்பின. செபஸ்தியன் அண்ணன் தன் சாவியை அன்னம்மாளின் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். ஆணியை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

இந்த விஷயத்தை மூடி மறைக்க நான் பட்ட பாடு வீண். மாமி வீட்டில் அதைச் சொன்னது உம்மாவேதான். நடித்தும் காட்டினார். மாமி என் மேல் கோபப்படுவார் என்று கதவோரமாக நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப அண்டைக்கு வட்டிலப்பம் குறஞ்சது உங்களாலயா?"

இன்றும் எங்கள் குடும்பக் கல்யாணங்களில் வட்டிலப்பம் மேசைக்கு வந்ததும் யாராவது குரல் கொடுப்பார்கள். போன மாதம் கொடுத்தவள் ருஸ்னா. இடுப்பில் பிள்ளையோடு நின்று, என் உம்மாவைப் பார்த்து, ஊர் கேட்க, "மாமி, பேக்கப் எடுத்தாச்சா?" என்றாள்.

உம்மா அசரவில்லை. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, அதே கறுப்புக் கைப்பையைத் தட்டிக் காட்டினார்.

"ஓம். ஒண்டு வயித்துல. ஒண்டு பையில. ஒண்ட கற்பிட்டிக்குச் சாச்சிட்ட அனுப்பிட்டேன். மூணு எடத்துல இரிக்கணும்டு எனக்குப் படிப்பிச்சது என்ட மகள்தானே!"