ஏரியூருக்குப் போகாத கார்

பிரேக் பிடிக்காது என்று முடிவு செய்த பிறகுதான் சவுரியப்பன் பிரேக்கை மிதித்தே பார்த்தார்.

தருமபுரியில் புளி மண்டி வைத்திருந்தவர், எண்பத்து நாலாம் வருஷம்தான் ஒரு பழைய அம்பாசிடரை வாங்கினார். வாங்கிய அன்றே மனைவி பெரியம்மாள் ஆரம்பித்துவிட்டாள். ஏரியூரில் அவள் அம்மா சாலம்மாள் தனியாகக் கிடக்கிறாள். அப்பா போய்ச் சேர்ந்ததிலிருந்து அடுப்புகூடச் சரியாக மூட்டுவதில்லை. பஸ் குலுக்கலை இடுப்பு தாங்காது, காரில் கூட்டி வர வேண்டும்.

சவுரியப்பனுக்கு அதில் இஷ்டமில்லை. மாமியார் கெட்டவள் இல்லை. ஆனால் அவள் இருக்கும் வீட்டில் ஜெபமாலை முடியாமல் சோறு கிடையாது. மொத்தக் குடும்பமும் முழங்காலில் நிற்க வேண்டும். மன்றாட்டுகளும் அதிகம். செத்தவர்கள், பிறக்கப்போகிறவர்கள், காய்ச்சல் கண்ட மாடு, எல்லாருக்கும் தனித்தனியாக உண்டு. முழங்கால் மரத்து, குழம்பு ஆறி, மனுஷனுக்கு வாழ்க்கையே கசந்துவிடும்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் கோயில் வாசலில், நாலு பேர் பார்க்கச் சோதனை நடந்தது. டயரை உதைப்பார். ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பார். ஆயில் கம்பியை உருவி முகர்வார். விளக்கைப் போட்டு அணைப்பார். கடைசியில் பிரேக்கை மிதித்து, சாவு வீட்டுக்கு வந்தவர்போலத் தலையை ஆட்டுவார்.

"பிடிக்கலயா?" என்பாள் பெரியம்மாள்.

"இல்ல புள்ள. உங்கம்மாவ ஏத்திக்கினு உசுரோட வெளையாட முடியுமா?"

"மண்டிக்கு மட்டும் தெனம் போறீங்க?"

"அது மெல்லப் போற வழி. ஏரியூரு ரோடு அப்படியா?"

ஒரு ஞாயிறு பங்குச் சாமியாரே வந்து விசாரித்தார். "பிரேக்கு சுத்தமா இல்லீங்க சாமி. இதுல ஆள ஏத்தறது பாவம்" என்றார் சவுரியப்பன். சாமியார் அவருடைய பொறுப்பை எல்லார் முன்னாலும் மெச்சினார். பெரியம்மாள் ஏரியூர் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள். அதற்கு அவர் பயந்திருக்க வேண்டும். பாவம், பெருமையில் கவனிக்கவில்லை.

மறுநாள் கொட்டும் மழையில், டிரங்குப் பெட்டியோடு சாலம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் மாப்ள."

அன்று இரவு குழம்பு ஆறியது. அடுத்த இரவும் ஆறியது. விடிந்ததும் விடியாததுமாக சவுரியப்பன் காரைத் துடைத்து வாசலில் நிறுத்தினார்.

"அத்தைய நானே வூட்ல வுட்டுட்டு வந்துடறேன்."

"இருங்க" என்று பெரியம்மாள் இறங்கி வந்தாள். டயரை உதைத்தாள். தண்ணீர் பார்த்தாள். ஆயில் கம்பியை உருவி முகர்ந்தாள். உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். தலையை ஆட்டிவிட்டு, சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பிடிக்கலீங்க."

"நல்லாப் பிடிக்குதுடி."

"அப்ப சாமியார்கிட்ட சொன்னது பொய்யா? போயி அவருகிட்டயே பொய்ய ஒத்துக்கினு பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்க. சாவி தரேன்."

"பஸ்ஸுல வேணா..."

"வந்ததுக்கே அம்மாவுக்கு இடுப்பு போச்சு. பிரேக்கு சரியாவட்டும், அப்புறம் போவட்டும்."

கெடாத பிரேக்கை எந்த மெக்கானிக் சரிசெய்வான்? சவுரியப்பன் கையில் துணியோடு நின்றார். அழுகை வரும்போல் இருந்தது.

உள்ளேயிருந்து சாலம்மாள் ஆறுதல் சொன்னாள். "வெசனப்படாதீங்க மாப்ள. வண்டி நல்லாவணும்னு இன்னிக்கிருந்து இன்னொரு ஜெபமாலையும் சேத்தே சொல்லிடலாம்."