புகையில்லா முறுக்கு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிய காரியம்தான். அதைவிடப் பெரிய காரியம், நெருப்பை அணைத்துவிட்டு உற்பத்தி செய்தது. 1996இல், காரைக்குடியில், எங்கள் முறுக்குக் கம்பெனியில் அது நிகழ்ந்தது. அப்போது அங்கே நான் 'உற்பத்தி மேலாண்மை அதிகாரி'. அதற்கு முந்தின வாரம் வரை மேஸ்திரி.

இடையில் நடந்தது ஒரு கருத்தரங்கு. முதலாளி தேனப்பன் அதை மதுரையில் ஒரு ஏ.சி. ஓட்டலில் கேட்டுவிட்டு, கழுத்தில் அட்டையோடு திரும்பினார். சிங்கப்பூர் வியாபாரி காசிவிஸ்வநாதன் வாரக் கடைசியில் கம்பெனியைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருடைய ஆர்டர் கிடைத்தால் கம்பெனி பிழைக்கும், இல்லையேல் பூட்டு. சுற்றுச்சூழலைக் கெடுக்கிற சரக்கை அவர் தொடமாட்டாராம்.

கூட்டம் கூட்டப்பட்டது. புகை, கழிவெண்ணெய், சாக்கடைத் தண்ணீர் எல்லாமே 'பூஜ்யம்' ஆக வேண்டும் என்று முதலாளி அறிவித்தார். ஆழ்ந்து ஆராய்ந்தோம். எப்படிப் பார்த்தாலும் குற்றவாளி அடுப்புதான். அதை அணைக்கத் தீர்மானம் நிறைவேறியது.

முறுக்குப் பிழியும் மலையம்மாள் மட்டும் கேட்டாள்: "அப்ப எண்ணெயை வெயில்லயா காய வைக்கச் சொல்றீக?"

"இது நிர்வாக விஷயம்" என்றேன்.

காசிவிஸ்வநாதன் வந்தார். வெள்ளையடித்த புகைபோக்கியைத் தடவினார். விரலில் கரி இல்லை. சாக்கடையை முகர்ந்தார், வாடையே இல்லை. இப்படி ஒரு ஆலையை ஜப்பானில்கூடப் பார்த்ததில்லை என்று கண் கலங்கினார். முதலாளியும் கலங்கினார். பேனாவைத் திறந்தாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளிக்குள் இருந்த செட்டிநாடு விழித்துக்கொண்டது. என்னை ஓரமாக அழைத்து, "தட்டுல பலகாரம் வைக்காம கையெழுத்து வாங்குனா ஊருக்குள்ள தலைகாட்ட முடியுமாய்யா?" என்றார். சைக்கிளில் பின்தெருவுக்குப் பறந்தேன். அங்கே சகாயம்மாள் விறகடுப்பில், தெருவே இருமும் புகைக்கு நடுவே, முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்.

காசிவிஸ்வநாதன் ஒன்றைக் கடித்தார். கண்ணை மூடினார். இன்னொன்றை எடுத்தார். "சுடச்சுட இருக்கே. எந்த அடுப்புல போட்டீக?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மலையம்மாளைப் பார்த்தேன்.

"பின்தெருவுலய்யா," என்றாள் அவள். "அங்குட்டுப் புகை வர்ற பக்கமாப் போனீகன்னா வீடு வந்துரும்."

அவர் பேனாவை மூடாமலே கிளம்பினார். சுற்றுச்சூழலைப் பற்றி அதன்பிறகு பேச்சே எழவில்லை.

எங்கள் கம்பெனி இன்றும் புகையோ கழிவோ இன்றி, பூட்டிய கதவுக்குள், முன்மாதிரியாக விளங்குகிறது. முதலாளி சிவகங்கையில் 'தூய உற்பத்தி' பற்றி வகுப்பெடுக்கிறார். நான் சகாயம்மாளிடம் விறகு பிளக்கிறேன்.