புறாக்கூண்டில் பதினோரு பலகைகள்

பர்ன்லி,
ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து, அக்கா டோரீனுக்குத் தம்பி வில்ஃப் எழுதுவது. இங்கே நானும் என் முப்பத்தொரு பந்தயப் புறாக்களும் சுகம். என் முழங்காலும் இடது கண்ணும் மட்டும் அதில் சேர்த்தியில்லை. உன் இடுப்பு தேவலையா? உன் பூனை எப்படி இருக்கிறது? புறா வளர்க்கிறவன் பூனையை விசாரிக்கிறேன் என்றால் உனக்கே புரிந்திருக்கும், ஓர் உதவி வேண்டும்.

உதவி இதுதான். என் மகள் லொரெய்ன் உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டால், அவள் எனக்கு வரைந்து தந்த பதினோரு பலகைகளும் உன் வீட்டுப் பரணில்தான் இருந்தன, தண்ணீர்ப் பைப் வெடித்து ஊறிப் பாழாகிவிட்டன என்று நீ சொல்ல வேண்டும். உன்மேல் அவளுக்குக் கோபம் வராது. என்மேல் வரும், வர வேண்டியதுதான். முழுதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

உனக்குத் தெரியாதது இல்லை. பஸ் டிப்போ அலுவலகத்தில் நான் பேசி வைத்திருந்த வேலையை உதறிவிட்டுப் பதினெட்டு வயதில் ஓவியக் கல்லூரி என்று லண்டனுக்குப் போனாள். நான் ரயிலேற்றிவிடக்கூடப் போகவில்லை, அன்று சனிக்கிழமை, பந்தயம். படித்து முடித்த பிறகு பள்ளிக்கூடத்தில் அரைநாள் வேலை, மீதி நாளெல்லாம் தூரிகை. எந்த ஓவியக் கூடத்திலும் படத்தை மாட்ட இடம் தரவில்லை. ஒரு சலவைக்கடைக்காரர்கூட யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு யோசித்துக்கொண்டே இருந்துவிட்டாராம். கிளப்பில் யாராவது பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டால் நான் 'பெயிண்ட் வேலை' என்று சொல்லி வைப்பேன். அதை நம்பிய பக்கத்துத் தோட்டத்து ஹெர்பர்ட், அவள் ஊருக்கு வந்த சமயம் பிடித்துக்கொண்டான்.

"ஏம்மா, வந்ததுதான் வந்துட்ட, நம்ம வாசக்கதவுக்கு ஒரு கை பச்சை அடிச்சுக் குடுத்துட்டுப் போயேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இரண்டு பூச்சு அடித்துக் கொடுத்தாள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன் அக்கா. அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம்.

அந்த வருடங்களில்தான் கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒட்டுப்பலகையில் வரைந்த படம் வர ஆரம்பித்தது. நல்ல பலகை. என் புறாக்கூண்டு மரக்கொட்டகைதானே, அதன் வடக்குச் சுவர் உளுத்துப் போயிருந்தது. முதல் பலகை அரையடி அதிகம், அதனால் மறுநாள் காலை அவள் மாடியில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே துண்டை அறுத்து விறகுக் கூடையில் போட்டுவிட்டு மீதியைச் சுவரில் ஆணியடித்துவிட்டேன். அடுத்த வருடம் முதல் வந்தவை அளவெடுத்தாற்போல் பொருந்தின, ரம்பமே எடுக்கவில்லை. வண்ணம் வெளியே தெரிந்தால் தோட்டத்துக்காரர்கள் கிண்டல் செய்வார்கள் என்று படத்தை உட்பக்கமாகத் திருப்பி அடித்தேன். பேன் பிடிக்காமலிருக்க வசந்தந்தோறும் கூண்டுக்குள் சுண்ணாம்பு அடிக்கிறோம் அல்லவா, அதையும் ஒரு வருடம் தவறாமல் அடித்தேன். பதினோரு பலகையோடு சுவர் முடிந்தது. பன்னிரண்டாவது வருடம் சாக்ஸ் வந்தது. அதே வருடம் அவளுக்கு ஏதோ பெரிய பரிசு கிடைத்து, பத்திரிகையில் படம் போட்டார்கள். பரிசு வந்ததால் பலகை நின்றது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது மான்செஸ்டரில் ஓர் ஓவியக் கூடத்தில் அவள் இதுவரை வரைந்ததையெல்லாம் வரிசையாக மாட்டப் போகிறார்களாம். செவ்வாய்க்கிழமை அங்கிருந்து இமோஜென் என்று ஒரு பெண் வந்து, ஆரம்பகாலப் படங்கள் உங்களிடம்தான் இருக்கின்றனவாமே, பார்க்கலாமா என்று கேட்டாள். பரணில் இருக்கிறது என்றேன். ஏறுகிறேன் என்றாள். ஏணி உடைந்துவிட்டது என்றேன். அவள் போய் ஹெர்பர்ட்டிடம் ஏணி வாங்கி வந்துவிட்டாள். பரணில் குளவி என்றேன். சரி, புறாவையாவது பார்க்கிறேன் என்றாள். புறாவுக்குக் காய்ச்சல், தொற்றும் என்று சொல்லி, உருளைக்கிழங்கு அப்பம் ஒரு துண்டு கொடுத்து அனுப்பிவைத்தேன். என் பரண் பொய் இனி எடுபடாது, அதனால்தான் உன் பரணைக் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை மீன் வறுவல் கடையில் ஆறு பாட்டில் வினிகர் வாங்கி, துணியை அதில் நனைத்துப் பலகைகளின் சுண்ணாம்பைத் தேய்த்து எடுத்தேன். கூண்டு முழுக்க அந்தக் கடையின் நெடி. மறுநாள் பந்தயத்தில் என் ஜென்னி எல்லாப் புறாவுக்கும் முன்னால் வந்தும், உள்ளே போக மறுத்து இருபது நிமிடம் கூரைமேல் உட்கார்ந்திருந்தது. கூண்டுக்குள் நுழைந்தால்தானே வந்ததாக எடுத்துக்கொள்வார்கள். பதினாலாம் இடம்.

அது போகட்டும். முதல் பலகையில் சுண்ணாம்புக்கு அடியில் ஒரு தொப்பி தெரிந்தது. என் தொப்பி. அதற்குக் கீழே நான், வானத்தைப் பார்த்துக்கொண்டு புறாவுக்காகக் காத்து நிற்கிறேன். என் கோட்டை ஒரு சின்னக் கை பிடித்திருக்கிறது. கை மட்டும்தான் இருக்கிறது அக்கா. கைக்கு உரியவளை நான் அறுத்துவிட்டேன். மற்ற பலகைகளிலும் தேய்த்த இடத்திலெல்லாம் நான்தான் வருகிறேன். கண் நன்றாக இருந்த காலத்தில் ஒருநாள் நின்று பார்த்திருந்தால் போதும். இப்போது பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு கன்னம் எது, மேகம் எது என்று தேடுகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அதனால்தான் உன் பைப் வெடிக்க வேண்டும் என்கிறேன்.

ஆண்டவர் உன் இடுப்பையும், உன் கூரையையும், உண்மையில் வெடிக்காத உன் பைப்புகளையும் காக்கட்டும். பூனைக்கும் என் விசாரிப்பு.

உன் தம்பி,
வில்ஃப்ரெட் ஷார்ப்பிள்ஸ்

பி.கு.: உன் பைப் வெடிக்க வேண்டாம். உறையைத் தேடி அடுக்களைக்குப் போன நேரத்தில் லொரெய்ன் சொல்லாமல் வந்து, மேசையில் இருந்த இந்தக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டாள்.

"பொய் சொல்ல அத்தையை எதுக்குப்பா இழுக்கறீங்க? எனக்கு முதல் வருஷமே தெரியும். எல்லாரும் மாட்ட மாட்டேன்னு சொன்னப்போ நீங்க ஒருத்தர்தான் ஆணி அடிச்சு மாட்டினீங்க. அதான் கூண்டை அளந்துக்கிட்டுப் போய் அந்த அளவுக்கே அனுப்பினேன். சுவர் முடிஞ்சுது, நிறுத்திட்டேன்."

பிறகு, அடிக்கும் முன் ஒன்றையாவது பார்த்தீர்களா என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

அவள் பையிலிருந்து ஒரு பலகைத் துண்டை எடுத்தாள், அன்று நான் விறகுக் கூடையில் போட்டது. அதில் ஒரு சின்னப் பெண் நிற்கிறாள், அவளும் வானத்தைத்தான் பார்க்கிறாள். கூண்டுக்குப் போய் என் பலகையோடு அதைச் சேர்த்துப் பிடித்தோம். தோள் சேர்கிறது, பாவாடை சேர்கிறது. ரம்பம் தின்ற இடம் மட்டும் நடுவில் மெல்லிய கோடாக விட்டுப்போயிருக்கிறது. அவள் டீ போட உள்ளே போய்விட்டாள். நான் இன்னும் பிடித்துக்கொண்டு நின்றேன்.