ஒரு பக்கக் கட்டுரைக்குப் பதினெட்டு நிமிடம்

மனித குலத்தில் 'வாய்த் திருத்தர்' என்றோர் இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். சிவப்புப் பேனாவால் சுழித்தால் பிள்ளைகளின் மனம் புண்படுமாம். ஆகவே கட்டுரையைப் படித்துவிட்டு, கருத்தைக் கைபேசியில் பேசிப் பதிந்து அனுப்பிவிடுவார். புண்படாது, வாஸ்தவம். தூங்கிப்போகிறவன் மனம் எப்படிப் புண்படும்?

நம் பேராசிரியர் இந்த இனத்துக்கே திலகம். மாணவி ஒருத்தி அவருக்கு ஒரு பக்கக் கட்டுரை அனுப்பியிருந்தாள். போட்டிக்கு அன்று மாலை ஐந்து மணியோடு கெடு. ஜெயித்தால் மேற்படிப்புக்கு இடம். தோற்றால் அத்தையின் கடையில் துணி மடிக்க வேண்டியதுதான். நாலேகாலுக்குப் பதில் வந்தது. பதினெட்டு நிமிடம்! நூலகப் படியில் உட்கார்ந்து, பென்சிலும் கையுமாகக் கேட்க ஆரம்பித்தாள்.

"ஒரே ஒரு விஷயம்தாம்மா சொல்லணும்" என்று தொடங்கியவர், தொண்டையைக் கனைத்து, மின்விசிறியைக் குறைத்து, கட்டுரை என்றால் என்னவென்று ஆதியிலிருந்து பிடித்து, மாணவப் பருவத்தில் தான் வாசித்த கட்டுரையின் பாதியில் கல்லூரி முதல்வரே எழுந்து நின்ற கதையைச் சொல்லி, எழுந்தவர் பிறகு எங்கே போனார் என்பதை மட்டும் விட்டுவிட்டு, கூரியர்காரருக்குக் கதவு திறந்து கையெழுத்தும் போட்டுவிட்டு வந்து, "எங்க விட்டேன்?" என்று அவளையே கேட்டார்.

"முதல்வர் எழுந்தார் சார்" என்றாள் அவள், பதிவிடம். பாவம்!

மணி நாலரை. பென்சில் இன்னும் தாளைத் தொடவில்லை. அப்போது பதிவில் பேராசிரியரின் மனைவி குரல் கேட்டது.

"யாருங்க எழுதினது? நல்லா இருக்கே! கடைசிப் பத்தியிலதான் விஷயமே இருக்கு. அதைத் தூக்கி முதல்ல போடச் சொல்லுங்க, போதும்."

"நீ சும்மா இரு. பாடம் நடத்திட்டிருக்கேன்ல" என்று அதட்டிவிட்டு அவர் தொடர்ந்தார்.

அவள் தொடரவில்லை. தூக்கி முதலில் போட்டாள். கெடுவுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள். இடமும் கிடைத்துவிட்டது!

நன்றி சொல்லப் போனபோது, ஆசிரியர் அறை முழுவதும் கேட்கும்படி பேராசிரியர் விசாரித்தார்:

"எந்த இடம்மா உனக்கு ரொம்ப உதவிச்சு?"

"பதினஞ்சாவது நிமிஷம் சார்."

அன்று முதல், இருபது நிமிடத்துக்குக் குறைந்து அவர் யாருக்கும் பேசுவதில்லை.

சிரிக்கிறீர்கள். உங்களுக்குப் பதிவு செய்து அனுப்பும் பழக்கம் இல்லைதான். ஆனால் போன வாரம் மகளின் கட்டுரையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்படி வந்து உட்காரு" என்று ஆரம்பித்தீர்களே, அவள் எப்போது எழுந்து போனாள் என்று உங்களுக்குத் தெரியுமா?