படகு விமானமும் லிஃப்ட் அக்காவும்

பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கூரியரிலிருந்து தகவல் வந்த பிறகுதான் லிஃப்ட் அக்கா கவனித்தாள், அனுப்பிய படத்தில் விமானம் எதிர்ப்பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது.

அனுப்புவதற்கு முன்னால் போனில் எடுத்து வைத்திருந்த போட்டோவை, பிள்ளையை வெளியூருக்கு அனுப்பியவள் மாதிரி, ஆசையாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் இருக்கவேண்டிய மூக்கு இடப்பக்கம் இருந்தது. கீழே வரிசையாக எழுதியிருந்த அளவுகளும் பெயர்களும் முதுகைக் காட்டிக்கொண்டு பின்னோக்கி ஓடின.

"என்னங்க, இடம் வலமா மாறிப்போச்சு."

மாஸ்டர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே வலது காலால் தரையை ஓங்கி அழுத்தினார். அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருபவர். இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் பிடித்துப் பிடித்து, வீட்டில் மனைவி எதைப் பதற்றமாகச் சொன்னாலும் கால் தன்னால் போய்விடும்.

"யாருக்கு அனுப்பினது?"

"அவருக்குத்தான்."

மாஸ்டர் அழுத்திய காலை எடுக்கவில்லை.

அக்கா வேலை பார்ப்பது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் மணி அடிப்பது அவள் மேஜையில்தான். உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் ஆள் வரும்வரை பேச்சுக்கொடுப்பது அவள் பொறுப்பு. ஊரிலுள்ள காவலாளிகள் எல்லாம் சேர்ந்து வைத்த பெயர் லிஃப்ட் அக்கா. சொந்தக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அவள் ஆசைப்பட்டது வேறு. பதினேழு வயதில் விமானம் வடிவமைக்கும் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாள். அப்பா திட்டவில்லை, மறுக்கவும் இல்லை. பார்க்கலாம் என்று அலமாரி மேல் வைத்தார். கடைசித் தேதி தாண்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மேலே போகும் ஏதாவது ஒன்றாக இருக்கட்டும் என்று அவள் லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தாள். இன்றுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஏர்போர்ட் பக்கம் பஸ்ஸில் போனால் மட்டும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவாள்.

இரண்டு வருடம் முன்பு பழைய பேப்பர் கடையில் ஒரு தடித்த தொகுப்பு கிடைத்தது. நூறு வருடத்துக்கு முன்னால் யார் யாரோ வரைந்த விமானப் படங்கள். பாதிக்கு மேல் கட்டப்படாதவை. மூன்றடுக்கு இறக்கை, மீன் மாதிரி வயிறு, உள்ளே பியானோ வைக்க இடம் என்று ஆளாளுக்கு ஆசைப்பட்டிருந்தார்கள். அவற்றை நீல அச்சாகப் போட ஆரம்பித்தாள். தடித்த காகிதத்தில் இருட்டறையில் மருந்து தடவிக் காயவைத்து, மேலே படத்தின் ஃபிலிமை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, மொட்டைமாடி வெயிலில் பன்னிரண்டு நிமிஷம். பிறகு தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மஞ்சள் எல்லாம் கரைந்து, நீலத்துக்குள்ளிருந்து வெள்ளைக் கோடுகளாக விமானம் மெல்ல எழுந்து வரும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே வாரம் பூராவும் காத்திருப்பாள்.

போட்டோ எடுத்து நெட்டில் போட்டும் வைத்தாள். வாங்கத்தான் ஆளில்லை. நாத்தனார் ஒன்று வாங்கினாள். ஆபீஸ் மேனேஜர் ஒன்று வாங்கி, மாட்ட இடமில்லை என்று கதவுக்குப் பின்னால் மாட்டினார். முதன்முதலாக முன்பின் தெரியாத ஒருவர் செய்தி அனுப்பியது போன மாதம்தான். தண்ணீரில் மிதந்து மேலே எழும்பும் படகு விமானத்தின் படத்தைக் காட்டி, இது எப்போதாவது பறந்ததா என்று கேட்டிருந்தார். இல்லை, காகிதத்தோடு நின்றுவிட்டது என்று அக்கா உண்மையைச் சொன்னாள். வியாபாரம் போச்சு என்று நினைத்தபோது பதில் வந்தது.

"அப்படின்னா அதுதான் எனக்கு வேணும்."

அந்த வரியை அவள் எத்தனை தடவை படித்தாளோ. பறக்காத ஒன்றை வேண்டுமென்று கேட்டவர் உலகத்தில் இரண்டே பேர், தானும் அவரும் என்று அவளுக்குப் பட்டது. அப்படிப்பட்டவருக்குப் போய் ஃபிலிமைத் திருப்பிப் போட்டு அச்சடித்து அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கு விடுமுறை டியூட்டி, அழைப்பெல்லாம் வீட்டில் அவள் போனுக்கே வரும். எங்கோ நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் ஒருவர் மாட்டிக்கொண்டு போனில் அழ, அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டே ஃபிலிமை வைத்ததன் பலன்.

உடனே மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினாள். சரியான படத்தை அனுப்பி வைக்கிறேன், பழையதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது, இதுவே இருக்கட்டும்.

"பாவம் பாக்கறாரு," என்றாள் அக்கா. "நாத்தனார் வாங்கின மாதிரி வாங்கிக்கறாரு."

"நல்லாருக்குன்னு ஒருத்தர் சொன்னா விட்டுடேன்," என்றார் மாஸ்டர்.

அவள் விடவில்லை. அன்றைக்கே குளியலறையை இருட்டாக்கி, மருந்து தடவிய காகிதத்தைக் கொடியில் தொங்கவிட்டாள். மறுநாள் காலை மாஸ்டர் அந்த இருட்டிலேயே குளித்து, அந்த இருட்டிலேயே தன் வெள்ளைச் சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். முதுகு, குளியலறை ஈரத்தில் இன்னும் காயாத காகிதத்தில் உரசியது அவருக்குத் தெரியாது. அந்த மருந்து இருட்டில் சாதுவாக இருக்கும், வெயில் பட்டால்தான் வேலையைக் காட்டும். மைதானத்தில் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது வெயிலும் வியர்வையும் சேர்ந்து அவர் முதுகில் ஒரு நீல இறக்கை முளைத்தது. மாணவர்கள் யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்துதான் பார்த்தார்.

அக்கா சோப்புப் போட்டுத் தேய்த்தாள். நீலம் போனது, துருப்பிடித்த தகரம் மாதிரி ஒரு பழுப்பு வந்தது. அதை மறைக்க ஒரே வழி முழுச் சட்டையையும் நீலமாக்குவதுதான் என்று தோன்றியது. மருந்தில் முக்கி மாடிக் கொடியில் காயப்போட்டாள். அருமையான நீலம். தோளில் மட்டும் துணிக் கிளிப்புகள் இருந்த இடத்தில் பக்கத்துக்கு இரண்டாக வெள்ளைப் பட்டைகள் விழுந்திருந்தன. மாஸ்டர் அதையே போட்டுக்கொண்டு போனார். புது மாணவர்கள் அவரைப் பெரிய அதிகாரி என்று நினைத்து எழுந்து நின்றார்கள். மறுநாளும் அவர் அதையே எடுத்து மாட்டிக்கொண்டதை அக்கா கவனித்தாள்.

சரியான படத்தைத் தயார்செய்து, இரண்டு தடவை திருப்பிப் பார்த்து, எழுத்துகளைச் சத்தமாகப் படித்துப் பார்த்து அனுப்பினாள். ஒரு வாரத்தில் அது திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. இது வேண்டாம், மன்னிக்கவும். முதலில் வந்தது போலவே வேறு ஒரு விமானம் கிடைக்குமா?

மாஸ்டர் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். தப்பாக அச்சான தபால்தலைக்குத்தான் மதிப்பு என்று எங்கேயோ படித்திருக்கிறார். இந்த ஆள் உன் தப்பைச் சேர்த்துவைத்து ஒருநாள் பெரிய விலைக்கு விற்கப்போகிறான் என்றார். அக்காவுக்கு அது நம்பும்படி இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது. அந்த ஒரு வரியை எழுதியவர் வியாபாரி என்று நினைக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆனாலும் வேலைக்கு நடுவில் போனைப் பார்ப்பதை நிறுத்தவும் முடியவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒருவரிடம், கவலைப்படாதீர்கள், இதோ பதில் வந்துவிடும் என்று சொல்லித் தொலைத்தாள்.

கடைசியில் ஒரு சமாதான வழி கண்டுபிடித்தாள். எழுத்து இருந்தால்தானே திரும்பியது தெரியும்? இன்னொரு விமானத்தின் ஃபிலிமிலிருந்து எழுத்துகளை எல்லாம் ஊசியால் சுரண்டி எடுத்தாள். இரண்டு சாயங்காலம் போனது, கழுத்து பிடித்துக்கொண்டது. படம் மட்டும் தனியாக, யாருக்கும் உறுத்தாமல் பறந்தது. பார்சல் கட்டுமுன் அவருக்குப் போட்டோ மட்டும் எடுத்து அனுப்பினாள்.

பதில் அன்றைக்கே வந்தது.

"எழுத்தெல்லாம் எங்கங்க? படிக்கலாம்னுதானே கேட்டேன்."

அக்கா போனைக் குப்புற வைத்தாள். திரும்பிய எழுத்தை யார் படிப்பார்கள்? இப்போது சந்தேகத்துக்கே இடமில்லை. அவர் தன்னை வைத்து விளையாடுகிறார். அவளுக்குக் கோபம் வரவில்லை. அலமாரி மேல் இருந்த விண்ணப்பத்தைத் தினமும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போன நாட்கள்தான் ஞாபகம் வந்தன.

"நேர்ல போறேன்," என்றாள். "சரியான படத்தைக் குடுத்துட்டு அந்தத் தப்பை வாங்கிட்டு வந்துடறேன். என் படங்கள்ல தெரியாதவங்க வீட்டுல இருக்கறது அது ஒண்ணுதான். அதுவும் தப்பா இருக்கக்கூடாது."

மாஸ்டர் மறுக்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் காரையே கேட்டு வாங்கி வந்தார். கூரை மேல் பெரிய பலகையோடு, எல்லா வண்டிகளும் ஒதுங்கி வழிவிட, ஒரு மணி நேரம் போனார்கள். வழியில் ஒரு விமானம் மிகத் தாழ்வாகக் கடந்து போனது. அது கண்ணிலிருந்து மறையும்வரை மாஸ்டர் காரை ஓரமாக நிறுத்திவைத்திருந்தார்.

மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட் வேறு கம்பெனியுடையது, வேலை செய்யவில்லை. அதில் ஒரு சின்ன திருப்தியோடு அக்கா படியேறினாள். மாஸ்டர் கீழேயே நின்றுகொண்டார்.

கதவைத் திறந்தவள் ஆபீஸ் அடையாள அட்டையைக் கூடக் கழற்றாத ஓர் இளம்பெண். படம் வாங்கியவருடைய தங்கை என்றாள். அக்கா தான் யாரென்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்து, அண்ணா, படம் போடறவங்க வந்திருக்காங்க என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஒரு கட்டில் தெரிந்தது, அதில் மார்புவரை போர்வையோடு ஒருவர். தலைமாட்டில் ஜன்னல். ஜன்னலை ஒட்டிய சுவரில், அழகான சட்டத்துக்குள், மூக்கை இடப்பக்கம் நீட்டிக்கொண்டு அவள் படகு விமானம்.

"வாங்க, வாங்க," என்றார் அவர். குரலில் அத்தனை சந்தோஷம். ஆனால் முகத்தை அவள் பக்கம் திருப்பவே இல்லை. எதிரே இருந்த ஏதோ ஒன்றைப் பார்த்தபடியே சிரித்தார்.

வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிவந்த பேச்சை அக்கா அங்கேயே விட்டுவிட்டாள். ஒரு மனுஷியை நேரே பார்த்து வாங்க என்று சொல்லக்கூட முடியாதவரிடமா இத்தனை நாள் பதில் எதிர்பார்த்தாள்? வாசலிலேயே நின்று, சுருட்டி வைத்திருந்த சரியான படத்தைத் தங்கையிடம் நீட்டினாள்.

"இத வச்சுக்கிட்டு அதக் குடுத்துடும்மா. அது என் கைப்பிழை. அத மாட்டி வச்சுச் சிரிக்கறது எனக்குத் தாங்கல."

தங்கை படத்தை வாங்கவில்லை. உள்ளறைக் கதவை மெதுவாக முழுக்கத் திறந்துவிட்டாள்.

"அண்ணனால ஆறு வருஷமா கழுத்தத் திருப்ப முடியாதுக்கா, ஜன்னல் தலைக்குப் பின்னாடி இருக்கேன்னு எதிர்ல கண்ணாடி மாட்டியிருக்கோம், அதுல வானம், தெரு, கடை போர்டு எழுத்து, வர்ற ஆளுங்க எல்லாமே அவருக்கு இடம் வலமாத்தான் தெரியும், உங்க விமானம் ஒண்ணுதான் நேராப் பறக்குது."